ஏழரை முடிந்த மறுநாள்

சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில் நாங்கள் அதை
ஏழரை என்றுதான் சொல்லுவோம்.
ஏழரை மணிக்கு வரும்.
வர ஆரம்பித்து ஏழு வருஷமும் சொச்சமும் ஆகிவிட்டதால்
சனி பெயர்ந்தால்தான் போகும் என்பார்
கணக்கு எழுதும் அர்த்தனாரி.

நேற்று போய்விட்டது.

இன்று காலை கேஸ் குழாயைப் பற்றவைக்கும் முன்பே
வாய்கள் பற்றிக்கொண்டன.
சாவிக்கொத்தைக் கிணற்றில் வீசிவிட்டு
திரும்பிப் பார்க்காமல் நடந்தாளே சுமித்ரா,
அதெல்லாம் ஒரு முடிவா?

"இத்தனை வருஷம் அழுதவ
ஒரு நாளாச்சும் அந்த வீட்டை ஆள வேண்டாமா?"
இது நவநீதம். அவளுக்கு மூன்று மருமகள்கள்.
"ஆண்டிருந்தா அவளும் மாமியாளாட்டம் ஆயிருப்பா,
வீசுனதுதான் சரி."
இது பேபி, கொக்கி மாட்டும் கையை நிறுத்தாமல்.
"வீசுனது இருக்கட்டும்,
பீரோவுக்குள்ள இருக்கற நகையை எப்படி எடுப்பாங்க?"
நாடகமே பார்ப்பதில்லை என்று
இத்தனை காலமும் சொல்லிவரும் அர்த்தனாரி கேட்டார்.
"கிணத்துலதான் தண்ணி இல்லையே,
போன வருஷம் காட்டுனாங்களே" என்றாள் ஷர்மிளா.
"எறங்கி எடுத்துக்கலாம்."

சிரித்ததில் ஒரு தட்டு முத்து கவிழ்ந்தது.
பொறுக்கிக்கொண்டே பேசினோம்.
கடைசிப் பந்திக்கு ரசம் ஊற்றுவதுபோல்
கடைசி வாரம் மொத்தமும் தண்ணியாக ஊற்றிவிட்டார்கள்,
அதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

தவமணி மட்டும் பேசாமல் இருந்தாள்.
பிறகு கேட்டாள்:
"வினோதா ஏன் வரலை?"

"எந்த வினோதா?"

"கடைக்குட்டி. போன் பண்ணாளே."

நான் குனிந்துகொண்டேன்.

நாலு வருஷம் முன்னால்
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பதினாறு நாள் கிடந்து
புருஷனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனவள்,
காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்று
யாரையும் துக்கம் கேட்க விடவில்லை.
"ஏழரையில என்ன ஆச்சு?" என்றாள் முதல் கேள்வியாக.

அந்தப் பதினாறு நாளில்
இரண்டு சாவு, ஒரு கோர்ட்டு கேஸ், ஒரு வீடு ஏலம்.
எதைச் சொல்வது அவளிடம்?
வீட்டை விட்டு ராத்திரி பஸ் ஏறிப் போன வினோதாவை
நாடகக்காரர்களே மறந்திருந்தார்கள்.
அந்த நடிகை வேறு சேனலில் போலீஸாகி இருந்தாள்.
நான்தான் சொன்னேன்.
வினோதா போன் பண்ணினா.
ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டுல கணக்கு எழுதறாளாம்.
நல்லா இருக்காளாம்.
ஒரு நாள் வருவாளாம்.

அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை.
அவளோ நாலு வருஷம் வைத்திருந்தாள்.
மாடியில் துணி எடுக்கும்போதெல்லாம்
மலைப்பாதை வளைவுகளில் இறங்கும் வெளிச்சத்தை
நின்று பார்ப்பாள் என்று பேபி சொல்லியிருக்கிறாள்.
நான் காற்று வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

"போனா? அப்படி ஒண்ணும் வரவே இல்லையே"
நவநீதம் ஆரம்பித்தாள்.
ஒரு நாள் விடாமல் பார்த்தவள் அவள்.
விட்டால் தேதியும் சொல்லுவாள்.

"வந்துச்சு" என்றார் அர்த்தனாரி.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வெள்ளிக்கிழமை. நானே பார்த்தேன்."

"அப்ப நீங்க நாடகம் பார்ப்பீங்களா!"
பட்டறையே அவர்மேல் பாய்ந்தது.
ஏழு வருஷக் கௌரவம்.
காது சிவக்க உட்கார்ந்திருந்தார்,
என் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்காமல்.

சத்தம் அடங்கியதும் தவமணி சொன்னாள்:
"அப்ப முடிவு சரியில்லை.
அவளை வரவச்சிருக்கணும்."
மறுத்துப் பேச யாருக்கும் எதுவும் இல்லை.

பேபியின் முழங்கால் என் முழங்காலை இடித்தது.
நான் நிமிரவில்லை.
இடது கால் கொலுசுக்கு
இன்னும் நாற்பது முத்து வைக்க வேண்டியிருந்தது.